மடிப்பு விழுந்த படம்

“அந்த மடிச்ச படம் எங்கம்மா போச்சு?” என்று அம்மா கேட்டபோது, எந்தப் படத்தைச் சொல்கிறாள் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் ஒழுங்குபடுத்திக் கொடுத்த குடும்பப் படங்களை டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பெரியம்மாவும் சின்ன மாமாவும் ஒரு சுவர் ஓரமாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் கேட்கிறாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துப் பிடிபட்டது. தேடி எடுத்துக் காட்டினேன். “இதோ இருக்கேம்மா.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். “இது ஆல்பத்துல ஒட்டியிருந்தது. நான் கேக்கறது மடிச்ச படம்.” இரண்டும் ஒரே படம்தானே, ஒரே நெகட்டிவில் போட்ட இரண்டு பிரதிதானே என்றேன். “ஒரே படம்தான். ஆனா இது அது இல்ல” என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அவளுக்குப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை. எனக்குத்தான் முடியவில்லை. செயற்கை நுண்ணறிவை வைத்து வீட்டுப் படங்களை ஒழுங்கு செய்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று அதற்கு முன்பே நினைத்திருந்தேன். முழுக்க முழுக்கப் பாராட்டாக வந்திருக்கும் அது. இப்போதும் அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் “ஒரே படம்தான், ஆனா இது அது இல்ல” என்ற பேச்சுக்கு என் கணினியில் இடம் இல்லாமல் போனது எப்படி என்று யோசித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

41,000 படங்கள்

மூன்று பழைய செல்பேசிகள், இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு தகரப் பெட்டி நிறைய அச்சுப் படங்கள். பெட்டியில் இருந்ததை எல்லாம் ஸ்கேன் செய்து சேர்த்ததும் மொத்தம் 41,000-ஐத் தாண்டியது. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் அப்பா ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்துமுன்பும் எல்லோரையும் இரண்டு தரம் நகர்ந்து நிற்கச் சொல்வார். இன்று விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு சிரிப்புக்கு முப்பது படம் விழுகிறது. முப்பதையும் வைத்திருக்கிறோம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் காரணம். அந்த அப்புறம் எனக்குப் பதினைந்து வருடமாக வரவே இல்லை.

எண்ணிக்கையைவிடப் பெரிய தலைவலி, எந்தப் படம் எப்போது எடுத்தது என்று தெரியாமல் போவது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எக்சிஃப் என்ற ஒரு குறிப்பு இருக்கும். தேதி, நேரம், எந்தக் கேமரா என்பதெல்லாம் அதில் பதிவாகும். 1995-ல் ஜப்பானில் உருவான அந்த முறைதான் இன்றும் ஓடுகிறது. ஆனால் அதே படம் வாட்ஸ்அப் வழியாக வந்தால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது, படமும் சுருங்கிவிடுகிறது. கேமராக்கள் கோப்புக்குக் கொடுக்கும் எண் 9999 வரை போய் மறுபடி 0001-ல் தொடங்கும் என்பதால், ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு படங்கள் மூன்று ஃபோல்டரில் இருந்தன. ஸ்கேன் செய்தவை இன்னும் மோசம். ஸ்கேன் செய்த நாள்தான் அவற்றின் தேதி. கணினியைக் கேட்டால் என் பாட்டிக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது என்று சொல்லும்.

இதைக் கையால் செய்ய நான் நாலு முறை தொடங்கி நாலு முறையும் விட்டிருக்கிறேன். ஐந்தாவது முறைதான் ஏஐ துணையோடு உட்கார்ந்தேன். படங்களை வெளியே எங்கேயும் ஏற்றாமல் என் கணினியிலேயே ஓடும் மென்பொருளாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். டிஜிகாம், இம்மிச் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் அப்படி ஓடுகின்றன. முகம் என்பது கடவுச்சொல்லைப் போல மாற்றிக்கொள்ளக் கூடியது இல்லை. 2021 நவம்பரில் ஃபேஸ்புக் தன் முக அடையாள வசதியை நிறுத்துவதாகவும், 100 கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிக்கப்போவதாகவும் அறிவித்தபோதுதான், அத்தனை கோடி முகம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. வீட்டுப் படங்களில் இருப்பவர்களில் பாதிப் பேர் நான் சம்மதம் கேட்காதவர்கள், கேட்கவும் முடியாதவர்கள்.

தேடினால் கிடைக்கிறது

முதலில் அது செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன விஷயம் இல்லை. சொல்லால் தேடும் வசதி என்னைத் திகைக்க வைத்தது. இதற்கு அடியில் இருப்பது 2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கிளிப் என்ற ஏஐ மாதிரியும் (மாடல்) அதன் வழியில் வந்தவையும். இணையத்திலிருந்து எடுத்த 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் ஜோடி ஜோடியாகக் காட்டி அதைப் பழக்கினார்கள். ஒரு படத்தையும் ஒரு சொற்றொடரையும் அது ஒரே மாதிரியான எண் வரிசையாக மாற்றிவிடும். இரண்டு வரிசையும் பக்கம் பக்கமாக விழுந்தால் அந்தச் சொல்லுக்கு அந்தப் படம் பொருந்துகிறது என்று கணக்கு. யாரும் படத்துக்குப் பெயர் எழுதி வைக்கவேண்டியது இல்லை.

முதல் நாள் “மழை” என்று தமிழில் அடித்தேன். சம்பந்தமே இல்லாமல் ஒரு நாற்காலியும் ஒரு ரசீதும் வந்தன. மென்பொருளோடு வந்த மாதிரி ஆங்கிலத்தில் பழகியது. பல மொழிகளில் பழக்கிய இன்னொரு மாதிரியை இறக்கி, எல்லாப் படங்களையும் மறுபடி ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் “மழையில் குடை பிடித்துக்கொண்டு” என்று அடித்ததும் மூன்றாவதாக வந்த படத்தைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அக்கா ஒரு கிழிந்த குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருக்கும் படம். எட்டு வருடமாகத் தேடியது. தொலைந்தேபோய்விட்டது என்று அக்காவும் நானும் முடிவுகட்டியிருந்தோம். அது “புதிய ஃபோல்டர் (3)” என்ற ஒன்றுக்குள், வாகனக் காப்பீட்டுத் தாள்களின் படங்களுக்கு நடுவில் இருந்தது. அக்காவுக்கு உடனே அனுப்பினேன். அவள் அதைத்தான் இன்றும் முகப்புப் படமாக வைத்திருக்கிறாள்.

முகங்களைப் பிரிப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முகத்தையும் சில நூறு எண்களாக மாற்றி, நெருங்கி விழுபவற்றை ஒரே ஆள் என்று கூட்டம் சேர்க்கிறது. 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் வெறும் 128 எண்களில் ஒரு முகத்தை அடக்கிக் காட்டியது. எனக்கு 212 கூட்டங்கள் கிடைத்தன. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டோம். “இவன் உங்க அப்பாவோட வேலை பார்த்தவன்”, “இவ எனக்கு ஒரு வகுப்பு மேல” என்று அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் 90 பேர்கூட இருக்கமாட்டார்கள். மிச்சப் பேர்களின் பெயர் அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் இருந்தது.

அம்மாவையும் பெரியம்மாவையும் மட்டும் மென்பொருளால் கடைசிவரை பிரிக்க முடியவில்லை. ஒரே கூட்டத்தில் போட்டுவிடும். பிரித்து வைத்தால் “இவர்கள் ஒருவரா?” என்று மறுபடி கேட்கும். அக்கா தங்கை சாயல் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட சோதனையில், ஓர் ஆளை இன்னொருவராகத் தவறாக எண்ணும் பிழை, பல மென்பொருள்களில் வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர் முகங்களில் 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது. எங்களைப் போன்ற முகங்களைப் போதுமான அளவு பார்க்காமலேயே பழகிய கண் அது என்பது அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா என்னவோ அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. “எங்க டீச்சருக்கே குழப்பம்தான்” என்றாள்.

72 கட்டங்கள்

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெயர் போட்டு முடித்த பிறகு, ஒரே மாதிரியான படங்களைக் களையும் வேலை. இதற்கு நான் எடுத்துக்கொண்டது வேறொரு செயலி. முழுக்க முழுக்க ஒன்றுபோல இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எண் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும், அதில் தப்பு வராது. அப்படியே 6,000 கோப்புகள் போயின. அது சுத்தமான குப்பை. ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் படங்கள்தான் கஷ்டம். அவற்றைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கதை அதற்குள்தான் இருக்கிறது.

படத்தை முதலில் நிறம் நீக்கிச் சாம்பல் ஆக்கும். பிறகு அதைச் சுருக்கிச் சுருக்கி, அகலத்தில் 9, உயரத்தில் 8 என்று 72 கட்டங்கள் மட்டுமே இருக்கும் ஒரு குட்டித் தாளாக ஆக்கிவிடும். ஒவ்வொரு கட்டமும் தன் வலப்பக்கத்துக் கட்டத்தைவிட வெளிச்சமா இருட்டா என்று பார்த்து 1 அல்லது 0 போடும். 64 விடைகள் கிடைக்கும். இரண்டு படங்களின் 64-ல் எத்தனை வேறுபடுகிறது என்று எண்ணினால் போதும். ஐந்தாறுக்குள் இருந்தால் ஒரே படம். முகம், கண், கைவிரல், சட்டைப் பொத்தான் எதுவும் இந்த 72 கட்டத்தில் கிடையாது. இடப்பக்கம் வெளிச்சம், நடுவில் இருட்டு, அவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஒரு வழி இவ்வளவு நன்றாக வேலை செய்வதைப் பார்த்து நான் உண்மையிலேயே மலைத்தேன்.

செயலி இப்படிச் சேர்த்த கூட்டங்களில் ஒவ்வொன்றிலும் நல்ல படம் எது என்று கூர்மை, வெளிச்சம், அளவு எல்லாம் பார்த்து ஒரு மதிப்பெண் போட்டு, அதன் மேல் ஒரு நட்சத்திரம் வைத்தது. மற்றவற்றின் மேல் சாம்பல் திரை. கீழே “பரிந்துரையை ஏற்கவும்” என்று ஒரு பொத்தான். முதல் ஐம்பது கூட்டங்களைப் படம் படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட அது சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. கண் மூடியதை விட்டது, கை ஆடியதை விட்டது, பாதி முகம் வெட்டுப்பட்டதை விட்டது. அடுத்த நூறில் பெரிதாக்குவதை விட்டேன். மூன்றாம் மணி நேரத்தில் நட்சத்திரம் எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் தன் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. நம்பிக்கை அப்படித்தான் வருகிறது. தப்பே செய்யாத ஒருவரோடு வேலை பார்த்தால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

மடித்த படம் அந்த மூன்றாம் மணி நேரத்தில்தான் போயிருக்கிறது. ஆல்பத்துப் பிரதி நல்ல கறுப்பு, நல்ல வெள்ளை. மடித்த பிரதி பலமுறை கைபட்டு வெளிறியது, மூலைகள் தேய்ந்தது, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு. அந்தக் கோட்டில் படத்தின் மேல்பூச்சு உதிர்ந்து காகிதம் தெரியும். ஒரு நூல் அகலம்கூட இருக்காது. 72 கட்டத்துக்குச் சுருக்கும்போது நூல் அகலக் கோடு என்ன ஆகும்? ஏதோ ஒரு வரிசைக் கட்டங்களில் வெளிச்சம் ஒரு சொட்டுக் கூடியிருக்கும். அதோடு சரி. ஆகவே செயலிக்கு இரண்டும் ஒரே படம், ஒன்று நல்லது, ஒன்று மட்டம். அது சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குப்பைத்தொட்டியில் ஏழு நாள்

அம்மா கேட்ட அன்று ராத்திரி செயலியின் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நீக்கிய படங்கள் அங்கே 30 நாள் இருந்து பிறகு தானாக அழியும். 23 நாள் ஆகியிருந்தது. மடித்த படம் இருந்தது, ஒரே அழுத்தில் திரும்பி வந்தது. அத்தோடு நான் தூங்கப் போயிருக்கலாம். தகரப் பெட்டியில் அச்சுப் பிரதியும் பத்திரமாக இருந்தது, வேண்டுமானால் மறுபடி ஸ்கேன் செய்திருக்க முடியும். ஆகவே எதுவும் நஷ்டமாகவில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் இன்னும் 1,911 படங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அச்சுப் பிரதி என்று ஒன்று எங்கேயும் இல்லை. அவற்றில் ஒன்றைக் கேட்க ஓர் அம்மா இல்லாமல் இருக்கலாம், அல்லது கேட்கும்போது 31-ஆம் நாள் ஆகியிருக்கலாம்.

ஏழு ராத்திரியும் அந்த 1,911 படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த வேலை முழுவதிலும் நான் உண்மையாகப் படம் பார்த்தது அந்த ஏழு நாளில்தான். பெரும்பாலானவை குப்பையேதான். செருப்பின் படம், தவறி அழுத்தியதில் விழுந்த தரை, ஒரே வெள்ளைப் பலகையின் பதினோரு படங்கள். அவற்றை மறுபடி அனுப்பியதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. மொத்தத்தில் நான் திரும்ப எடுத்தது 63 படங்கள். நூற்றுக்கு 97 அது சரியாகத்தான் செய்திருக்கிறது. நான் உட்கார்ந்து செய்திருந்தால் அந்த அளவு வந்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த 63-ல் சிலவற்றைச் சொல்கிறேன். அக்கா மகள் மூன்று வயதில் என் செல்பேசியை எடுத்து எடுத்த 14 படங்கள். எல்லாம் கோணலாக, கலங்கலாக, பெரியவர்களின் முழங்கால் உயரத்தில் இருந்து எடுத்தவை. வீடு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அப்பா தன் கையெழுத்தில் எழுதிய ஒரு தொலைபேசி எண், ஏதோ ஒரு காகித உறையின் பின்புறம். செயலி அதை ரசீது வகையில் சேர்த்திருந்தது. அச்சுப் படங்களின் பின்பக்கத்தையும் நான் ஸ்கேன் செய்திருந்தேன். அவற்றில் ஒன்பது “வெற்றுத் தாள்” என்று தொட்டிக்குப் போயிருந்தன. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் பென்சிலில் மெலிதாக ஒரு தேதி, ஒரு பெயரின் முதல் எழுத்து. எக்சிஃப் வருவதற்கு முன்னால் எக்சிஃப் அதுதான். எந்தப் படம் எந்த வருடம் என்று கணினி ஊகம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், விடை எழுதிய தாளை அதுவே குப்பைக்கு அனுப்பியிருந்தது. அனுமதி கொடுத்தது நான்.

அப்புறம் ஒரு தொடர். அம்மா பிறந்தநாளன்று எல்லோரும் வரிசையாக நிற்க, எடுத்த ஏழு படங்கள். நட்சத்திரம் பெற்றதில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீக்கியதில் ஒன்றில், அம்மா மட்டும் கழுத்தைத் திருப்பிப் பக்கத்தில் நிற்கும் பெரியம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். அவள் முகம் முக்கால்வாசி தெரியவில்லை, கை மங்கல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிக்கும் படத்தைச் சுவரில் மாட்டலாம். அம்மா எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் நான் மங்கலானதைத்தான் காட்டுவேன். இந்த வித்தியாசத்தை எந்த மதிப்பெண்ணாலும் எழுத முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு ‘நல்ல படம்’ இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் மதிப்பெண்ணே தொடங்குகிறது. குடும்பப் படத்துக்கு அந்தப் பொது ஆள் யார்?

இடுக்கிய கண்

மடித்த படத்தைத் திரும்ப எடுத்ததும், அதே செயலி அதைப் “பழுதடைந்த படம்” என்று அடையாளம் கண்டு, சரிசெய்து தரட்டுமா என்று கேட்டது. சரி, பார்ப்போம் என்று அழுத்தினேன். பத்து வினாடியில் மடிப்பு மறைந்துவிட்டது. வெளிறல் போய், தோல் பளபளவென்று வந்தது. அழகாகவே இருந்தது. முதல் பார்வையில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் என்னிடம் ஒரு வசதி இருந்தது, அது பலருக்கும் இருக்காது. அதே நெகட்டிவின் மடியாத பிரதி. சரிசெய்ததையும் மடியாததையும் பக்கத்தில் வைத்து ஆயிரம் விழுக்காடு பெரிதாக்கினேன். மூவரில் நடுவில் நிற்பவர் சின்ன மாமா, ஒன்பது வயது இருக்கும். மடிப்புக் கோடு அவர் நெற்றியில் இறங்கி இடது கண்ணைத் தாண்டிப் போகிறது. மடியாத பிரதியில் அந்தக் கண் வெயிலுக்கு இடுங்கியிருக்கிறது. ஒரு கண் மட்டும் ஏறக்குறைய மூடி, அந்தப் பக்கத்து உதடும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு. சரிசெய்த படத்தில் இரண்டு கண்ணும் அளவாகத் திறந்து, உதடு நேராகி, லட்சணமான ஒரு பையன் என்னைப் பார்த்தான்.

இது ஏன் நடக்கிறது என்பது மர்மம் இல்லை. இந்த வேலையில் பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று 2021-ல் வந்த ஜிஎஃப்பி-கேன். அதைப் பழக்கியது 70,000 முகப் படங்கள் கொண்ட எஃப்எஃப்ஹெச்க்யூ என்ற தொகுப்பில். ஃப்ளிக்கரில் இருந்து எடுத்த, துல்லியமான முகங்கள். பழுதான இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை. முகம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்றுதான் அதற்குத் தெரியும். அதை வரைந்துவிடுகிறது. ஒட்டு தெரியாமல் வரைந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பயம். மடிப்பு இருந்தால் “இங்கே எனக்குத் தெரியவில்லை” என்று படமே சொல்கிறது. மடிப்பு போய்விட்டால் அந்த நேர்மையும் போய்விடுகிறது.

சரிசெய்ததை அம்மாவிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல். கொஞ்ச நேரம் பார்த்தாள். “உங்க மாமா மாதிரிதான் இருக்கு. ஆனா யாரோ” என்றாள். மடியாத பிரதியைக் காட்டியதும் சிரித்துவிட்டாள். “இப்பவும் போட்டோ எடுத்தா அவன் இப்படித்தான் கண்ணை இடுக்குவான், கவனிச்சிருக்கியா?” நான் கவனித்ததில்லை. மாமாவின் முகக் கூட்டத்தைத் திறந்து பார்த்தேன். 340 படங்கள். கல்யாணப் படத்தில், அலுவலக அடையாள அட்டையில், பேரனைத் தூக்கி வைத்திருக்கும் படத்தில், எல்லாவற்றிலும் அந்த இடது கண். 70,000 முகங்களில் பழகிய ஒன்று, அவருடைய 340 படங்களிலும் இருந்த ஒரே அடையாளத்தைத் துடைத்திருந்தது. சரிசெய்த கோப்பை அன்றே அழித்தேன். யாருக்காவது அனுப்பியிருந்தால் அது குடும்பம் முழுக்கச் சுற்றி, பத்து வருடம் கழித்து அதுதான் அசல் என்று ஆகியிருக்கும்.

இப்போது செய்வது

தேடுவது, சேர்ப்பது, பிரித்து அடுக்குவது எல்லாவற்றையும் இன்னமும் இயந்திரத்திடமே விட்டிருக்கிறேன். நீக்குவதை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாற்பது கூட்டத்துக்கு மேல் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதற்கு மேல் கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போகத் தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 1990-க்கு முந்தைய படங்கள் எதையும் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவை மொத்தமே 620. அவற்றை நீக்கி மிச்சமாகும் இடத்தை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?

பெயர்களையும் மென்பொருளின் தரவுத்தளத்தோடு விடவில்லை. மென்பொருளை மாற்றினால் அதில் இருக்கும் பெயர்கள் அதோடு போய்விடும். படத்தின் கோப்புக்குள்ளேயே, இல்லையென்றால் பக்கத்தில் வைக்கும் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிவிட்டால் அடுத்து எந்த மென்பொருள் வந்தாலும் படித்துக்கொள்ளும். டிஜிகாமில் அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது, அதைத் தேர்வுசெய்து வைத்தால் போதும். அம்மா சொன்ன 120-க்கும் மேற்பட்ட பெயர்களும் இப்போது படங்களோடு சேர்ந்து போகும்.

ஞாயிறு சாயங்காலங்களில் அம்மாவோடு உட்கார்வது தொடர்கிறது. அவள் படத்தை முழுசாகப் பார்ப்பதே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி ஒரு மூலைக்குப் போய்விடுவாள். கதவில் தொங்கும் பை, பின்னால் நடந்துபோகும் ஒருவரின் கால். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. பொருள்களை முழுசாகப் படம் எடுத்தவர்கள், சும்மா பார்த்தவர்களைவிடக் குறைவாகத்தான் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. அது படம் எடுப்பதைப் பற்றியது, பழைய படம் பார்ப்பதைப் பற்றியது இல்லை. ஆனாலும் அம்மாவின் விரல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

போன மாதம் சின்ன மாமா வந்திருந்தார். மடித்த படத்தை எடுத்துக் காட்டி, இதை நீக்கப்போய் எவ்வளவு ஆகிவிட்டது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது அம்மா கைப்பைக்குள் அடங்குவதற்காக அதை இரண்டாக மடித்தாள், மூன்று வருடம் அவளோடே இருந்தது என்று அவள் சொல்லிய கதையையும் சொன்னேன். மாமா படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். “மடிச்சது உங்கம்மா இல்ல” என்றார். “அக்கா ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் அவ பெட்டியிலேர்ந்து நான் எடுத்தேன். ஜாமெட்ரி பாக்ஸ்ல நிக்கல, அதான் மடிச்சேன். காலையில கண்டுபிடிச்சு வாங்கிட்டுப் போயிட்டா.”

அம்மா உள்ளே இருந்து, “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, நான்தான் மடிச்சேன்” என்றாள். “நீ மடிச்சா இப்படிக் கோணலாவா மடிப்பே?” என்று மாமா கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், மடிப்பு நேராக இல்லை. மேலே நடுவில் தொடங்கிக் கீழே வரும்போது ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தது. அம்மா வெளியே வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்து ஒருமுறை மேலிருந்து கீழே இழுத்தாள்.

அந்தப் படத்தின் விளக்கப் பெட்டியில் இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன்.